தலைவர் தவறவிட்ட பஸ்

எங்கள் காலனிக்குப் போராட்டக் குழுத் தலைவர் நான்தான். அறிவைப் பார்த்துக் கொடுத்த பதவி என்று தப்பாக நினைக்க வேண்டாம். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் நான். ஓசியில் மைக் வேண்டுமென்றால் கூடவே இந்த ஆரோக்கியராஜையும் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரச்சினை பஸ். சிதம்பரம் போகும் காலை டவுன் பஸ் ஊர்த்தெருவில் நிற்கும். அடுத்த ஸ்டாப் எங்கள் காலனி. அங்கே கல்லூரிப் பிள்ளைகள் கை காட்டினால் புழுதியைக் கிளப்பிவிட்டுப் பறக்கும். இறங்க ஆள் இருந்தால்தான் நிற்கும். ஊர்த்தெருவுக்கே போய் ஏறலாமே என்பீர்கள். சாதியைச் சொல்லி அங்கே விழும் பேச்சை வாங்கிக்கொண்டு எந்தப் பிள்ளைக்குப் படிக்க மனசு வரும்?

நான் சும்மா இருப்பேனா? மறியல் அறிவித்தேன். பஸ்ஸை மறித்தோம். "சரி, ஏறச் சொல்லுங்க, போவலாம்" என்றார் டிரைவர். நான்தான் மைக்கை விடவில்லை. சமூகநீதியை ஆதியிலிருந்து ஆரம்பித்து நான் முடிப்பதற்குள் கல்லூரியில் பாதி நாள் போய்விட்டது. மறுநாள் பஸ் பழையபடி பறந்தது. இன்னும் ஒரு நாள் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று என் மகள் சிந்துஜாவிடம் சொல்லிவிட்டார்கள்.

நடவு வேலைக்குப் போகும் கொளஞ்சியம்மாள் அக்காதான் கேட்டார்: "தலைவரே, எறங்க ஆளு இருந்தா நிக்குமில்ல? நாம எறங்குவோம்."

பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே! நடவுக்கு ஆள் பிரிப்பது மாதிரியே முறை வைத்தார்கள். தினமும் ஒரு வீட்டுப் பெண் ஊர்த்தெருவுக்கு நடந்து போய், அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் பஸ் ஏறி, காலனியில் இறங்குவார். அவர் மெதுவாக இறங்குவதற்குள் பிள்ளைகள் எல்லாரும் ஏறிவிடுவார்கள்.

"ஏம்மா, ஒரு ஸ்டாப்புக்கு பஸ்ஸா?" என்றார் கண்டக்டர்.

"கால் வலிங்க" என்றார் அக்கா. மொத்தக் காலனிக்கும் கால் வலி வந்தது.

பரீட்சையன்று எங்கள் வீட்டு முறை. என் மனைவி மாலதிக்குக் காய்ச்சல். சரி, தலைவரே போகட்டும் என்றார்கள். தலைவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நிதானமாகக் கிளம்பினார். ஊர்த்தெருவில் அவருக்குக் கிடைத்தது பஸ்ஸின் பின்பக்க தரிசனம்தான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். "நிறுத்துப்பா!" என்று கத்தினேன். மைக் இல்லாத என் குரலை யார் மதிக்கிறார்கள்? பாழாய்ப்போன இஸ்திரியால் என் பிள்ளையின் படிப்பு போச்சே என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன்.

காலனி ஸ்டாப்பில் கொளஞ்சியம்மாள் அக்கா மட்டும் நின்றிருந்தார்.

"அக்கா, புள்ளைங்க எங்க?"

"ஏறிப் போயிட்டாங்களே."

"எறங்க யாருமே இல்லியே!"

"ஆமா. கண்டக்டரே விசில் ஊதி நிறுத்துனாரு. 'இன்னிக்கி யாருக்கும் கால் வலி இல்லியா?'ன்னு கேட்டுட்டு ஏத்திக்கினு போறாரு."

அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"எந்திரிங்க தலைவரே" என்றார் அக்கா. "நீங்க ஒழுங்கா அந்த பஸ்ஸ புடிச்சிருந்தா, நமக்காவ அது நிக்கும்னு நமக்கு எப்பதான் தெரியும்?"