மாமா தொங்கவிட்ட கோள்கள்

அந்தப் பரிசுக் கிண்ணம் இன்றும் எங்கள் இரத்தோட்டை வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழைக்குக் கிடைத்த பரிசு அது.

ஆறாம் ஆண்டில் விஞ்ஞானக் கண்காட்சிக்கு நான் சூரியக் குடும்பம் செய்தேன். அம்மா அரிசி புடைக்கும் சுளகின் நடுவில், சூரியனாக ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்று. சுற்றிலும் மிளகு, ஏலம், சாதிக்காய் என்று எட்டுக் கோள்கள், எல்லாம் ஒரே மட்டத்தில். ஏன் ஒரே மட்டம் என்பதுதான் என் பெருமை. ஆதியில் தூசும் வாயுவுமான ஒரு மேகம் சுழன்றபடி சுருங்கியது. மேலும் கீழும் அலைந்த துகள்கள் ஒன்றோடொன்று மோதி அந்த அலைச்சலை இழந்தன. சுற்றுவது மட்டும் மிஞ்சி, மேகம் தட்டையாகி, அதிலேயே கோள்கள் திரண்டன. யாராவது கேட்கட்டும் என்று இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அம்மாவின் தம்பி வெசாக் பண்டிகைக் காலத்தில் மூங்கிலும் கலர்த் தாளும் கொண்டு விளக்குக் கூடு கட்டி விற்பவர். நடுவில் ஒரு பெரிய கூடு, சுற்றிலும் குட்டிக் கூடுகள் தொங்கும். நடுவில் பெரிதும் சுற்றிலும் சிறிதுமாக எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. நான் டியூஷன் போய் வருவதற்குள் சுளகைக் காலி பண்ணிவிட்டு, கலர்த் தாளில் சூரியனும் கோள்களும் ஒட்டி, மூங்கில் சட்டத்தில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று தொங்கவிட்டிருந்தார். அநியாயம் செய்தது அவர். மாமா மெனக்கெட்டதைக் குறை சொல்கிறாயா என்று அம்மாவிடம் ஏச்சு விழுந்ததோ எனக்கு.

மாத்தளையில் கண்காட்சி. கூட்டைத் தூக்கிக்கொண்டு மாமாவும் கூடவே வந்தார். நடுவராக வந்தவர் எதையும் கேட்கவில்லை. கூட்டின் அழகையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொறுக்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன்.

"சேர், இது பிழை. எல்லாம் ஒரே மட்டத்துலதான் சுத்தும்."

அவர் சிரித்தார். எவ்வளவு தன்னடக்கமான பிள்ளை என்று டீச்சரிடம் சொல்லி, முதல் பரிசை என் கையில் திணித்தார். தன்னடக்கமாம்!

திரும்பும்போது பஸ்ஸில் நெரிசல். தன் கூடு நசுங்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மாமா வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார். பாதி வழியில் என் பக்கம் குனிந்தார்.

"சேர்கிட்ட என்னமோ சொன்னியே புள்ள. ஏன் எல்லாம் ஒரே மட்டத்துல சுத்துது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாள் முழுக்க நான் காத்திருந்த கேள்வி அது. அதைக் கேட்டது அவர் ஒருவர்தான் என்பது அன்றைய கோபத்தில் எனக்கு உறைக்கவில்லை.