பத்து நிமிடத்துக்கு வருத்தம், ஒரு மணிக்கு மன்னிப்பு

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார் 'வருத்தம்' சார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டவணை. லிஃப்டுக்குள் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டவருக்கு 'வருந்துகிறோம்'. ஒரு மணி நேரம் வரை 'மிகவும் வருந்துகிறோம்'. அதையும் தாண்டினால்தான் 'மன்னிக்கவும்'. அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். மன்னிப்புக் கேட்டால் தப்பு நம்முடையது என்றாகிவிடுமாம். அந்தச் சொல்லைப் பீரோவில் வைத்துப் பூட்டாத குறை. வெளியே அதே சொல் படும் பாட்டைப் பாருங்கள்: வரிசையில் முந்துகிறவன் 'மன்னிக்கணும்' என்று சொல்லிக்கொண்டேதான் நம் காலை மிதிக்கிறான்.

போன செவ்வாய், பகல் ஒரு மணி. லிஃப்டின் அவசரப் பொத்தானை அழுத்தினால் இவர் மேஜையில் மணி அடிக்கும். அடித்தது.

"ஏங்க, நாந்தான்! நடுவுல நின்னுடுச்சு. ஒரே இருட்டு."

"வருந்துகிறோம் அம்மா. ஆள் வந்துகிட்டே இருக்காங்க."

வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். போகவேண்டிய மெக்கானிக் பக்கத்து மேஜையில் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவரிடம் சார் விஷயத்தைச் சொன்னதே, தான் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான். கதவு திறக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது.

திரும்பி வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சார், உள்ள இருந்தது உங்க வீட்டம்மா."

சாயங்காலம் வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சார் உடனே பேனாவை எடுத்தார். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்.'

மறுநாள் மச்சினி போன் செய்தாள். "மாமா, சிரமம் தானா ஏற்பட்டுச்சா, யாராவது ஏற்படுத்துனாங்களான்னு அக்கா கேக்கறா."

அடுத்த கடிதத்தில் துணிந்து 'மன்னிக்கவும்' போட்டார்.

"மேனேஜர் கையெழுத்து இல்லையேங்கறா. ஞாயித்துக்கிழமை வந்து பீரோவத் தூக்கிட்டுப் போக வண்டி சொல்லியாச்சு மாமா. வெளையாட்டு இல்ல."

ஞாயிறு காலை, வண்டி கிளம்புவதற்குள், சார் ஓடினார். மச்சினி வீடு நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை, இவர் கம்பெனி லிஃப்ட்தான். படியேறி, மூச்சிரைக்க, வாசலில் நின்றார்.

"நீதான்னு தெரிஞ்சிருந்தா…"

"வேற யாராவதா இருந்தா பரவாயில்லையா?" என்றார் மனைவி.

சார் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆள் வர்றாங்கன்னு சொன்னது பொய். யாருக்கும் சொல்லல. பசிச்சுது, சாப்பிட உக்காந்துட்டேன். உன் குரல்கூட எனக்குத் தெரியல."

"என்ன சாப்பிட்டீங்க?"

"நீ கட்டிக் குடுத்ததத்தான்."

"முழுசாவா?"

"மிச்சம் வைக்கல."

உள்ளே மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. வண்டிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாமென்றார். பிறகு, இருப்பதிலேயே கனமான பையை எடுத்து இவர் கையில் திணித்தார்.

இரண்டாவது மாடியில் சார் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். "அப்போ, மன்னிச்சுட்டியா?"

"ஆள் வந்துகிட்டே இருக்காங்க," என்று சொல்லிவிட்டு மனைவி முன்னால் இறங்கிப் போனார்.