சவரத்தன்றே தேய்த்த முகம்

என் கடைக்கு வந்து முகத்தைக் கொடுத்தவர்களில் ஒருவனுடைய தோலை மட்டும் நான் வேண்டுமென்றே உரித்தேன். கை தவறிவிட்டது என்று அப்போது சொன்னேன். அது பொய்.

காஜா பெராங்கில் சாலையோரமாக ஒரே நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை என்னுடையது. முடிவெட்ட எந்தக் கடைக்கும் போகலாம். முகம் தேய்க்க என்னைத் தேடித்தான் வருவார்கள். கல்யாண மாப்பிள்ளை, பெண் பார்க்கப் போகிறவன், பண்டார் ஹிலிரில் வெள்ளைக்காரன் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போகிறவன், எல்லாரும் வருவார்கள். முதலில் வெந்நீரில் பிழிந்த துண்டால் முகத்தை மூடுவேன். தோல் இளகியதும் பச்சரிசி மாவு, சீனி, எலுமிச்சைச் சாறு மூன்றையும் குழைத்துப் பூசி, காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டை நனைத்து வட்டமாகத் தேய்ப்பேன். செத்த தோல் திரிதிரியாக உருண்டு வரும். கடைசியில் படிகாரக் கல்லால் ஒரு தடவு. எழுந்து கண்ணாடி பார்க்கிறவன் தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்துச் சிரிப்பான். ஆம்பிளைகள் அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். சவரம் செய்த அன்று தேய்க்கக் கூடாது. கத்தி பட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அதில் எலுமிச்சை இறங்கினால் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி நாளுக்கு ஒரு முறையாவது சொல்வாள். சொல்லிவிட்டு என்னை விட உரக்கக் கத்துவாள். அந்த வருஷம் எங்கும் மெர்டேகா பேச்சு, மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று. இனி யாரும் யாருக்கும் கீழே இல்லை என்று என் நாற்காலியில் சாய்ந்துகொண்டே எத்தனையோ பேர் பேசினார்கள். முட்டாள், நானும் நம்பினேன்.

அப்படி ஒரு காலையில் அரிசிக்கடை முதலாளியின் மூத்த மகன் வந்தான். கடையாட்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கன்னத்தில் அறைகிறவன் என்று தெருவுக்கே தெரியும். நான்கு நாளில் அவனுக்குக் கல்யாணம். பெண் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். அவன் தாடையைப் பார்த்ததுமே, வீட்டில் சவரம் செய்துகொண்டு நேராக வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு வேணாம் சின்ன மொதலாளி. கத்தி பட்ட மூஞ்சி, ரொம்ப எரியும். நாளைக்கு வாங்க, நல்லா செஞ்சு தர்றேன்" என்றேன்.

"மயிரு வழிக்கிற பய, எனக்கு நாள் குறிக்கிறியா?"

அறை விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. பெஞ்சில் இருவர் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுச் செட்டி. சாமி எங்கள் சாமிதான், பல தலைமுறையாக இங்கேயே இருப்பதால் பேச்சு மட்டும் மலாய். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அறைந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நிமிர்த்திக் காட்டினான். ஒருவனை அறைந்துவிட்டு அவன் கையிலேயே கழுத்தைக் கொடுக்க எவ்வளவு திமிர் வேண்டும்! சவரக் கத்தி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு மாவைக் குழைத்துப் பூசி, பீர்க்கங்கூட்டை எடுத்தேன். புதிது, நனைக்கவில்லை.

முதல் இழுப்பிலேயே அவன் உடம்பு விறைத்தது. எலுமிச்சையை இன்னும் பிழிந்தேன். தாடையில், காதோரத்தில், மீசைக்கு மேலே, எங்கெல்லாம் கத்தி ஓடியிருக்குமோ அங்கெல்லாம் அழுத்தித் தேய்த்தேன். மாவு இளஞ்சிவப்பாக மாறியது. நாற்காலிக் கையை அவன் பிடித்த பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்தன. வாயைத் திறந்து "நிறுத்து" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அவன் எப்படிச் சொல்வான்? அறை வாங்கியவன் முன்னால், பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு பேர் முன்னால் எரிகிறது என்று அழுவானா? கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தான். மூடிய கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது. எனக்கு அது இனித்தது, மறைப்பானேன்.

"சுக்குப்லா! சுக்குப்!" என்று செட்டி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். போதும் போதும் என்று அவர் கெஞ்சிய பிறகுதான் நிறுத்தினேன். படிகாரத்தையும் விடவில்லை, வைத்துத் தேய்த்தேன். அவன் எழுந்தான், கண்ணாடியைப் பார்த்தான், படியிறங்கிப் போனான்.

மறுநாள் காலை அவன் தம்பிகள் இருவர் வந்தார்கள். வந்த வேகத்தில் என் தலையைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினார்கள். நானும் சும்மா இல்லை, ஒருவன் மூக்கை உடைத்தேன். இன்னொருவன் என்னைக் கீழே தள்ளி, வலது கை விரல்களைச் செருப்புக் காலால் மிதித்துத் திருகினான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

அதற்கும் மறுநாள், கட்டுப்போட்ட கையோடு கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். பெண்ணின் அப்பா, அந்தக் கிராணி. பஸ் பிடித்து வந்திருந்தார். எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை உடம்பில் சந்தேகம் வந்தால் அவன் வீட்டில் கேட்க மாட்டார்கள், முடிவெட்டுகிறவனிடம் வந்து கேட்பார்கள். தேமல், படை, அதைவிடப் பெரிய வியாதி எதுவானாலும் முதலில் பார்ப்பது எங்கள் கண்தானே.

"கல்யாண வேலையா போன என் மச்சான் மாப்பிள்ளைய பாத்திருக்காரு தம்பி. மூஞ்சி பூரா பொருக்கும் தண்ணியுமா இருக்காம். பெரிய வியாதியோன்னு வீட்டுல அழுவுறாங்க. எனக்கு ஒரே பொண்ணு. நீங்க தொட்ட மூஞ்சி, உண்மைய சொல்லுங்க."

தெரியலீங்க ஐயா என்று நான் இழுத்திருந்தால் போதும், கல்யாணம் அன்றே நின்றிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தோலைப் பற்றி நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அந்தக் கர்வம் எனக்கு.

"வியாதி இல்லீங்க ஐயா. சவரம் பண்ண மூஞ்சிய நான் தேய்ச்சிட்டேன். கை தவறிப்போச்சு. பத்து நாள்ல ஆறிடும்."

அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒதடு ஏன் இப்படி வீங்கியிருக்கு? கையில என்னா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"மாப்பிள்ளை ஆளு எப்படி தம்பி? குணம்?"

பெஞ்சு காலியாக இருந்தது. கேட்க வேறு யாரும் இல்லை. ஆனாலும், அவன் என்னை என் கடையிலேயே அறைந்தான், நான் வாங்கிக்கொண்டு நின்றேன் என்று ஒரு வெளியூர்க்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்ல குடும்பங்க" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எதிரிக்குக்கூட நல்லது செய்தேன் என்று அன்றிரவு மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

கல்யாணம் துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். என் விரல்கள் கோணலாகக் கூடின. கத்தரி பிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. மெர்டேகா வந்தது. தெருவெல்லாம் கொடி கட்டினார்கள். நானும் ஒன்று கட்டினேன்.

அடுத்த வருஷம் ஒரு மழை நாளில் அந்தக் கிராணி மறுபடி வந்தார். சவரத்துக்காக்கும் என்று துண்டை உதறினேன். அவர் உட்காரவில்லை.

"மகளை வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன் தம்பி. ஒரு காது கேக்கல. அடிச்ச அடியில உள்ள கிழிஞ்சிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு."

உதறிய துண்டை மடித்து நாற்காலிக் கையில் போட்டேன்.

"உங்களையும் அடிச்சிருக்கான், தம்பிங்கள விட்டு கைய ஒடைச்சிருக்கான். இப்பத்தான் செட்டி ஒருத்தரு சொன்னாரு. அன்னைக்கு நான் குணம் எப்படின்னு கேட்டேனே. ஏன் சொல்லல?"

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். என்னை அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"வெக்கமா இருந்திச்சு ஐயா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "ஒரு வருஷமா ஏன்மா எங்கிட்ட சொல்லலன்னு அவளக் கேட்டேன். அவளும் இதத்தான் சொன்னா."