ஃபைபர் போட்டில் தடவிய எண்ணெய்

எனக்கு அறுபத்திரண்டு நடக்கிறது. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். என்னைப் பொறாமைக்காரி என்று ஒரு வாய் சொன்னதில்லை. சொல்லாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதில் அப்படி இல்லை. சவூதியில் போட் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு மாத லீவில் வந்து, பழைய ஃபைபர் போட் ஒன்றை வாங்கினார். மல்லிப்பட்டினம் கரையில் அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டி, நல்ல தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தார். பாசி பிடிக்காத பெயிண்ட் அடிக்குமுன் அப்படித்தான் செய்யவேண்டுமாம்.

"தேய்ச்ச இடத்துல யாரும் கை வைக்காதீங்க. எண்ணெய்ப் பசை பட்டா பெயிண்டு பிடிக்காது."

மர வள்ளத்துக்கு வருஷந்தோறும் மீன் எண்ணெய் பூசும் அப்பா சிரித்தார். "எண்ணெய் ஆகாத வள்ளமாடா? சவூதிக்குப் போயி நல்லாத்தான் படிச்சிருக்கே."

சித்தப்பா உப்புத்தாளைக் கிழித்துப் பாதியைத் தன் மகளிடம் கொடுத்தார். தாயில்லாமல் எங்கள் வீட்டில் வளர்ந்தவள், எனக்கு இரண்டு வயது இளையவள். எனக்குக் கிடைத்தது தண்ணீர்க் குடம். நானும் தேய்க்கிறேனே என்று மூன்று தடவை கேட்டேன்.

"நீ பெரியவ, தண்ணி தூக்கும்மா" என்றவர், அவள் பக்கம் திரும்பி, "கண்ணாடி கணக்கா தேச்சிருக்கியே, என் ராசாத்தி" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். என் பின்னலில் அம்மா காலையில் வைத்த தேங்காயெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் வழித்து, அவள் தேய்த்த பக்கத்தில் மட்டும் நன்றாகத் தடவினேன்.

சாயங்காலம் அடித்த பெயிண்ட் மறுநாள் அங்கே பாலாடைபோலக் கையோடு வந்தது.

"யாரு தொட்டது?"

அவள் என் தலையைப் பார்த்தாள். "நான்தாம்ப்பா. மறந்துபோயி வச்சிட்டேன்."

அவளுக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. சித்தப்பா விமானம் ஏற நான்கு நாள்தான் இருந்தது. சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதாக இருந்ததை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் முழுவதையும் திரும்பச் சுரண்ட உட்கார்ந்தார். நான்கு நாளும் பக்கத்திலேயே அவள். முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் வேண்டுமே! சிரித்துச் சிரித்துத் தேய்த்தாள். வேலை பாழாய்ப் போனவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு இன்னும் எரிந்தது.

என் அப்பா தினமும் விடிந்தால் மீனோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அவளுக்கு அப்பா என்பது இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம். அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

இன்றுவரை இதைப் பற்றி அவளிடம் நான் வாய் திறந்ததில்லை. அதனால்தான் எழுதிவைத்தேன். என் எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். ஆனாலும் ஏம்மா பேத்தி, இதை நீ வாசி. சத்தமாக வாசி. உன் சின்னப் பாட்டி அடுப்படியில் மீன் ஆய்கிறாள். அவள் காதில் விழட்டும்.