பூதலூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில்

துரைராசுவுக்குக் கெட்ட செய்தி என்று தனியாக ஒன்று வர வேண்டியதில்லை. சாதாரணச் செய்தியையே அவர் கெட்ட செய்தியாக்கிவிடுவார். பம்புசெட்டில் ஃபியூஸ் போனால் மோட்டாரே கருகிவிட்டது என்பார். மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் விளைச்சல் இல்லை, அப்புறம் நிலத்தை விற்க வேண்டியதுதான். ஃபியூஸ் கம்பியைக் கையில் எடுப்பதற்குள் மனிதர் நடுத்தெருவுக்கு வந்துவிட்டிருப்பார்.

பூதலூருக்குப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் நஞ்சை. சம்பா நட்டு முடித்ததும் பயிர் சில நாள் மஞ்சளாகப் பழுத்து, தலை தொங்கி நிற்கும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? வருஷா வருஷம் வரப்பில் நின்று, "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்.

அவர் மனைவி மங்களாம்பிகை இதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. "உங்களைக் கட்டிக்கிட்டு வந்தப்ப நானுந்தான் பழுத்துப்போய் நின்னேன். பச்சை கட்டலையா? வந்து சாப்பிடுங்க" என்பார். துரைராசுவும் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சாப்பிடுவார். இத்தனை வருஷக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

மங்களாம்பிகை இறந்த பிறகு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஒரே மகள் பிரகதீஸ்வரிக்குச் சிங்கப்பூரில் வேலை. ஆகவே "எல்லாம் போச்சும்மா" என்ற செய்தி சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது. அவளும் அப்பாவுக்குத் தப்பாத பெண். பதறிப்போய் பக்கத்து வீட்டுப் பக்கிரிக்குப் போன் போடுவாள். பக்கிரி மூச்சிரைக்க ஓடி வந்து பார்த்தால் மோட்டாரில் ஒரு ஒயர் கழன்றிருக்கும்.

சாதாரணத் தலைவலியை மூளையில் கட்டி என்று முடிவு செய்து அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டபோது, பிரகதீஸ்வரி லீவு போட்டுவிட்டு வந்தாள். தஞ்சாவூரில் மேகலா என்ற மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். "எனக்கென்ன பைத்தியமா?" என்று வழியெல்லாம் முறுக்கிக்கொண்டே போனார் துரைராசு.

மேகலா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பயிர் பழுத்ததிலிருந்து நடுத்தெரு வரைக்கும் அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்படி வந்தீங்க?" என்றாள்.

"ரயில்ல."

"பூதலூர்ல ஏறினா அடுத்து தஞ்சாவூரா?"

"நடுவுல ஆலக்குடி இருக்கே."

"உங்க மனசு ஓட்டுற ரயில் மட்டும் ஆலக்குடியில நிக்கவே மாட்டேங்குது பாருங்க. இனிமே பயம் வந்தா அங்க ஒரு நிமிஷம் இறங்குங்க. நடந்தது என்ன, நானா சேர்த்துக்கிட்டது என்ன, வேற எப்படி இருக்கலாம்னு கேட்டுப் பாருங்க."

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. மாதக்கணக்கில் போய் வந்தார். மகள் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. போனில் அவளுக்கும் ஆலக்குடிப் பாடம் நடத்தினார். மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஃபியூஸ் போனால் ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்று தெரிந்தது. தலை வலித்தால் தைலம் தடவிக்கொண்டார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அவருக்குப் பயம் போனது. பயத்துக்காக வந்துகொண்டிருந்தவர்களும் போனார்கள். பக்கிரி ஓடி வர வேண்டிய வேலை இல்லை. நாளுக்கு நாலு தரம் கூப்பிட்ட மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட்டாள். "நல்லா இருக்கீங்கல்லப்பா? வைக்கட்டுமா?" நன்றாகத்தான் இருந்தார். ஒரு டம்ளர் அரிசி வைத்து, காலையில் வடித்த சோற்றையே ராத்திரியும் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுக்கிற அளவுக்கு நன்றாக இருந்தார்.

அந்த வருஷமும் நடவு முடிந்தது. பயிர் பழுத்து நின்றது. துரைராசு வரப்பில் நின்று பார்த்தார். பயம் வரவில்லை. வேர் பிடித்தால் சரியாகிவிடும் என்று மனசு தானாகவே சொல்லிவிட்டது. வயலிலும் ஆள் இல்லை, வீட்டுக்குப் போனாலும் ஆள் இல்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. "எல்லாம் போச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்று முழுக்க மகள் பேசுவாள். ஒருவேளை லீவு போட்டுக்கூட வருவாள். முன்பெல்லாம் நிஜமாக நம்பிச் சொன்னதை இப்போது பொய்யாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போன் போட்டுவிட்டார்.

வேலை நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் என்றதும் பிரகதீஸ்வரி, "அப்பா! என்னப்பா ஆச்சு?" என்று கத்தினாள்.

துரைராசு வாயைத் திறந்தார். எல்லாம் போச்சு என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளின் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அந்தப் பயம் என்ன பாடு படுத்தும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"ஆலக்குடியில இறங்கும்மா" என்றார்.

"விளையாடாதீங்கப்பா. என்ன ஆச்சு, சொல்லுங்க."

"ஒண்ணும் ஆகலம்மா. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒண்ணுமே ஆகமாட்டேங்குது. அதான் கூப்பிட்டேன்."

அவள் சீட்டை விட்டு எழுந்து வெளியே வந்தாள். "எங்க நிக்கிறீங்க?" என்றாள்.

"வயல்ல."

"வீடியோவுல வாங்கப்பா. பயிரைக் காட்டுங்க."

அவருக்கு ஒரே சந்தோஷம். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. போனைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நடந்தார். "இந்தா, வாய்க்கால் ஓரம் பாரு, லேசாப் பச்சை கட்டுது. மேட்டுப்பக்கம் இன்னும் பழுப்பாத்தான் இருக்கு. தெரியுதா?"

போனில் வயல் தெரியவில்லை. காமிரா அவர் பக்கம் திரும்பியிருந்தது. சவரம் செய்யாத கன்னமும், காலர் கிழிந்த சட்டையும், மங்களாம்பிகை இருந்தபோது இல்லாத மெலிவும்தான் தெரிந்தன.

"நல்லாத் தெரியுதுப்பா" என்றாள் பிரகதீஸ்வரி. "இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்க."