பெரியம்மாவின் வாக்குமூலம்

அறுபதுகளின் தொடக்கத்தில் எறணாகுளத்தில் சமூகப்பணி முதுகலை படித்தேன். பணியாளர் நிர்வாகம் என்னுடைய பிரிவு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. அதற்குக் கல்லூரி எனக்கு ஒதுக்கிய இடம் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு வியாபாரியின் பண்டகசாலை. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். என் பயமே அதுதான். என் அம்மாவின் அக்கா அங்கேதான் சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தாத்தா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து முனிசிபாலிட்டித் துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கல்லூரியில் இதை யாரிடமும் சொன்னதில்லை. பண்டகசாலையின் லேபர் ஆபீசரிடமும் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டால்தான் என் களப்பணி தேறும். முதல் நாள் பெரியம்மா என்னைப் பார்த்தாள். உடனே முறத்தின் மேல் குனிந்துகொண்டாள். நான்கு மாதம் அந்தச் சுவருக்குள் நாங்கள் அந்நியர்களாகவே இருந்தோம்.

ஒருநாள் காலை ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். முந்தின நாள் வேலை விட்டுப் போகும்போது ஒரு பெண் வாசலில் திருட்டுச் சோதனைக்கு உடன்படாமல் காவல்காரனை அடித்துவிட்டாளாம். விசாரணையில் தமிழில்தான் பேசுவேன் என்கிறாளாம். உனக்குத் தமிழ் தெரியுமே, நீயே வாக்குமூலம் எழுது என்றார். உள்ளே போனேன். பெரியம்மா நின்றிருந்தாள்.

என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“மடியத் தொட்டா, சோதிக்கறான்னு விட்டிருப்பேன். நெஞ்சுல கைய வச்சான் சாரே. அதான் அடிச்சேன். இன்னும் வச்சா இன்னும் அடிப்பேன்.”

பெற்ற பிள்ளை போல என்னைத் தூக்கி வளர்த்தவள் என்னை ‘சாரே’ என்றாள். அவள் சொன்னதை மலையாளத்தில் ஆபீசரிடம் சொன்னேன். அதையெல்லாம் எழுத வேண்டாம், சோதனைக்கு மறுத்தாள், அடித்தாள் என்று மட்டும் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொள் என்றார் அவர். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மைப்பெட்டியைப் பார்த்தபடி கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. இவர் கையெழுத்து இல்லாவிட்டால் படிப்பு போச்சு, அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று ஓடியது மனம். ஆனாலும் வாயிலிருந்து வந்தது வேறு.

“சார், இவங்க என் பெரியம்மா. நான் இதை எழுதக்கூடாது. யார் எழுதினாலும் அவங்க சொன்னதைத்தான் எழுதணும்.”

ஆபீசர் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நாளை முதல் வரவேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“ஒன்ன யாருடா சொல்லச் சொன்னது? நாலு மாசம் வாய மூடிட்டு இருந்தது எதுக்கு? அந்த ஆம்பளைங்க முன்னாடி இதச் சொல்ல எனக்கு நாக்கு வரல. ஒன்கிட்டன்னா சொல்லிரலாம், ஒன்னத்தான் கூப்பிடுவாங்கன்னுதான் தமிழ்ல பேசுவேன்னேன்.”

அம்மா கொடுத்த சாயாவையும் குடிக்காமல் போய்விட்டாள்.

சங்கதி யூனியனுக்குப் போனதும், யூனியன்காரர் ஒருவரை உட்கார வைத்து விசாரணை மறுபடி நடந்தது. பத்து நாள் வேலையில்லாமல் இருந்தபின் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெண்களைச் சோதிக்க வாசலில் ஒரு பெண்ணைப் போட்டார்கள். எனக்கு ஒரு வருஷம் போயிற்று. அடுத்த வருஷக் களப்பணி வில்லிங்டன் தீவில் ஓர் அலுவலகத்தில். அங்கே முதல் நாளே, யாரும் கேட்பதற்கு முன், என் வீட்டார் செய்யும் வேலையைச் சொன்னேன்.