பெத்தோங் சம்பந்தியம்மா

"வண்டியத் திருப்பு தம்பி. ஈப்போவுக்கே போயிடலாம்."

சொன்னது என் அக்கா. சொன்ன இடம் தாய்லாந்து. பெத்தோங் ஊரைத் தாண்டி ஒரு கிராமத்தில், கல்யாண வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு சொன்னாள். யாருக்குக் கல்யாணம்? அவளுடைய ஒரே மகனுக்கு!

மாப்பிள்ளையின் அம்மாவே திரும்பிப் போகிறேன் என்கிறாள். மாப்பிள்ளை பட்டு வேட்டியில் வியர்த்துக்கொண்டு நிற்கிறான். நான் தாய்மாமன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்கிறவன். அன்றைக்குப் பார்த்து எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை...

போன மாதம் நடந்தது இது. கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அக்கா அஞ்சலை, செமோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவள். மகன் குணா சிறு பிள்ளையாக இருக்கும்போதே அத்தான் போய்விட்டார். விடியுமுன் மரம் வெட்டி, பால் சேர்த்து, தனியாகவே மகனை வளர்த்தாள். தோட்டம் கைமாறியபோது ஈப்போ புந்தோங்குக்கு வந்தாள். இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை.

குணா லாரி ஓட்டுகிறான். ஜெலாப்பாங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டு குரோவில் தாய்லாந்து எல்லையைத் தாண்டி பெத்தோங்குக்குப் போய் வருவான். அங்கே லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் சோறு பரிமாறுகிற பெண்தான் மாலி. அவர்கள் பாஷையில் மாலி என்றால் மல்லிகையாம். பெயரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருஷம் அழுதாள்.

"நம்ம ஊருல பொண்ணே இல்லியா? பாஷை தெரியாது, நம்ம பழக்கவழக்கம் தெரியாது. நாளைக்கு நான் படுத்துட்டா, கஞ்சி வேணும்னு எந்த பாஷையில கேப்பேன்?"

நியாயமான கேள்விதானே? குணாவிடம் பிடிவாதம் மட்டும்தான் இருந்தது. அது ஜெயித்தது.

முதலில் பெண் வீட்டில் அவர்கள் முறைப்படி சடங்கு, அடுத்த வாரம் புந்தோங் கோயிலில் தாலி — இப்படி முடிவாயிற்று. அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வாரேன். ஆனா மரியாதையில சின்னக் குறை தெரிஞ்சாலும் திரும்பிடுவேன். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது."

விடியற்காலையில் வேன் கிளம்பியது. அக்கா, நான், என் மனைவி வசந்தா, குணா, அவனுடைய லாரிக் கூட்டாளிகள் சிலர். சீர்த் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேங்காய், வாழைப்பழம், புடவை, லட்டு, வெற்றிலை பாக்கு. கிரிக் தாண்டியதும் காட்டுப் பாதை. வளைவுக்கு வளைவு லட்டு ஒரு பக்கம் சரியும், தேங்காய் மறுபக்கம் உருளும். நடுவில் இராணுவச் சோதனை வேறு. துப்பாக்கியோடு எட்டிப் பார்த்த சிப்பாய் லட்டுத் தட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வசந்தா அவர் கையில் ஒன்று கொடுத்தாள்.

எல்லையில் எனக்குக் கொஞ்சம் பயம். இத்தனை தட்டுகளையும் என்னவென்று விளக்குவது? தாய்லாந்து அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கான் மாக்!" என்றார். குணாவின் தோளில் தட்டினார்.

"அப்டின்னா என்னாலா?" என்றாள் அக்கா.

"மாப்பிள்ளை ஊர்வலம்மா. அவங்க அதுக்கு வச்சிருக்கிற பேரே பாக்குக் கிண்ணம்தான்" என்றான் குணா.

அக்கா தட்டை நேராகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் போனதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தோம். எங்கள் குடும்பம் ஒரு கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை!

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது... கிராமத்துக்குள் நுழைகிற வரையில்.

ரோட்டில் இறங்கியதும் நீண்ட மேளத்தோடு ஒரு கூட்டம் வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது. ஆடிக்கொண்டே பெண் வீட்டை நோக்கி அழைத்துப் போனார்கள். வாசலுக்குப் போகும் பாதையில் இரண்டு பெண்கள், ஒரு வெள்ளி ஒட்டியாணத்தைக் குறுக்கே நீட்டிப் பிடித்து வழியை மறித்தார்கள். குணா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காசுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். வழி விட்டார்கள்.

"என்னா இது, டிக்கெட் எடுக்கிறானா?" என்று அக்கா என் காதில் கேட்டாள்.

நாலு அடி போனால் இன்னொரு ஜோடி. இன்னொரு பொட்டலம். அதோடு தீர்ந்தது. குணா சிரித்தபடி நெற்றியைத் துடைத்தான். பாவம், இரண்டுதான் என்று நினைத்திருக்கிறான்.

மூன்றாவது இடத்தில் ஒரு மெல்லிய தங்கச் சங்கிலி. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாலியின் பெரியம்மா. தாய் தகப்பன் இல்லாத மாலியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். குணா வெறும் சட்டைப் பையைத் துழாவினான். பெரியம்மா ஏதோ சொன்னார். அவ்வளவுதான், கூட்டம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அக்காவின் முகம் கறுத்தது.

"நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்க. காசு குடுத்துப் பொண்ணு வாங்கவா வந்தோம்? சங்கிலி போட்டு மறிக்கிறாங்களே, நாமென்ன ஆடா மாடா? வண்டியத் திருப்பு தம்பி. ஈப்போவுக்கே போயிடலாம்."

தட்டோடு திரும்பி வேனை நோக்கி நடந்தேவிட்டாள். சிரிப்பு அடங்கியது. பெரியம்மாவின் கையில் சங்கிலி தொங்கியது. குணா அப்பக்கமும் இப்பக்கமும் பார்த்தான். மேலே ஜன்னலில் மாலியின் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

நான் அக்காவின் பின்னால் ஓடினேன். என் பின்னால் இன்னொருவரும் ஓடி வந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண், காக் மினா. அந்தப் பகுதியில் மலாய் பேசுகிறவர்கள் நிறைய. புண்ணியவதி, மூச்சு வாங்க மலாயில் பேசினார்.

"புக்கான் ஹாலாங், மக்சிக்! இனி அடாட்."

மறிக்கவில்லை அம்மா, இது வழக்கம். தாய்லாந்துக் கல்யாணத்தில் எல்லார் வீட்டிலும் இப்படித்தானாம். வீட்டுக்குச் செல்லமான பெண்ணை யாராவது சும்மா அனுப்புவார்களா? கேட்டவுடனே தூக்கிக் கொடுத்தால் அவளுக்குத்தான் ஆள் இல்லை என்று ஆகிவிடும். பெரியம்மா என்ன சொன்னாராம்? 'பையைத் தேடினது போதும், என் பெண்ணைத் தேடு' என்றாராம். சிரிப்பு அதற்குத்தான்.

அக்கா நின்றாள். ஆனால் திரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது.

"அக்கா... நான் வசந்தாவைக் கட்டிக் கூட்டியாந்த அன்னிக்கு நீ என்னா பண்ணே?"

"என்னா பண்ணேன்?"

"வாசல்ல கதவ சாத்திட்டு நின்னே. ஒனக்குப் பொறக்கிற பொண்ண என் மவன் குணாவுக்குக் குடுப்பேன்னு சொன்னாத்தான் உள்ள விடுவேன்னே. நானும் இவளும் வெயில்ல எவ்வளவு நேரம் நின்னோம்!"

"அது வேற லா!"

"எது வேற?"

பக்கத்தில் நின்ற வசந்தா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்குப் பிறந்தது இரண்டும் ஆண் பிள்ளைகள். ஆகவே அன்றைக்குக் கொடுத்த வாக்கு இன்றுவரை அப்படியே நிற்கிறது. அதுவும் சேர்ந்து ஞாபகம் வந்திருக்க வேண்டும். அக்காவின் உதடு லேசாகக் கோணியது. அது சிரிப்பு வருவதற்கு முன் வருவது. எனக்குத் தெரியும்.

விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். நேரே பெரியம்மாவின் முன்னால் போய் நின்றாள். கையில் பொட்டலம் ஏதும் இல்லை. தட்டிலிருந்து நல்ல கொழுந்து வெற்றிலையாக எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து நீட்டினாள்.

பெரியம்மா வாங்கி வாயில் போட்டார். மென்றார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இடுப்பிலிருந்து தன் டப்பாவைத் திறந்து அவரும் ஒரு வெற்றிலை மடித்து அக்காவுக்குக் கொடுத்தார். அவர்கள் சுண்ணாம்பு சிவப்பு நிறம்! அக்கா ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டாள்.

சங்கிலி கீழே இறங்கியது. மேளம் அதிர்ந்தது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல தமாஷ் என்று நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். உள்ளே நடந்ததுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

மணமக்கள் கைகூப்பி அமர்ந்திருந்தார்கள். இருவர் தலையையும் ஒரே வெள்ளை நூல் சேர்த்திருந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, சங்கில் தண்ணீர் மொண்டு, அவர்கள் கைகளில் ஊற்றி ஆசி சொல்ல வேண்டும். முதலில் பெரியம்மா ஊற்றினார். அடுத்து என் அக்காவைத் தேடினார்.

அக்கா எங்கே? கடைசியில், சுவரோரம். தோட்டத்திலும் புந்தோங்கிலும் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்பாள்! அத்தான் போன பிறகு அவள் நிற்கும் இடம் அதுதான். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளாகவே போய்விடுவாள். மகன் கல்யாணத்திலும் அப்படியே. முன்னால் நின்று செய்ய வேண்டியதையெல்லாம் செய்ய நானும் வசந்தாவும் இருக்கிறோம் என்று ஏற்கெனவே பேச்சு.

பெரியம்மா வந்து அவள் கையைப் பிடித்தார். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் கூடாதுங்க. என் தம்பி ஊத்துவான். நான் தாலி இல்லாதவ..."

காக் மினா அதை மலாயில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாய்லாந்து பாஷையில் சொன்னார். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. காக் மினா இரண்டாம் தடவை சொன்னார். அப்புறம் பெரியம்மா சொன்னதைக் காக் மினா எங்களுக்குச் சொன்னார்.

"அவங்களுக்கும் வீட்டுக்காரர் இல்லையாம். பெத்தவ ஊத்தாம வேற யாரு ஊத்துறதுன்னு கேக்குறாங்க."

மறுபடியும் கையைப் பிடித்தார். இந்த முறை விடவில்லை.

அக்கா தண்ணீர் ஊற்றினாள். முதலில் பாதி குணாவின் வேட்டியில் கொட்டியது. மாலியின் கைகளில் ஊற்றும்போது ஒரு சொட்டும் சிந்தவில்லை. என்ன சொல்லி ஆசீர்வதித்தாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாலி தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தாள். குணாவும்.

அந்த ஊரில் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். முதலிரவுப் படுக்கையை விரிக்க அவர்களுக்கும் கணவன் மனைவியாக வாழ்கிற ஜோடிதான் வேண்டுமாம். அதற்கு என்னையும் வசந்தாவையும் கூப்பிட்டார்கள்! எல்லா ஊரிலும் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெற்றவள் கையால் தண்ணீர் ஊற்றுவதை அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் சம்பந்திகள் இருவரும் ஒரு தூணின் முன்னால் நிற்கிறார்கள். பெரியம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்! அந்தத் தூணை மரமாக்கி, இல்லாத உளியால் அவர் கோடு இழுத்துக் காட்டுகிறார். அக்கா "இல்ல இல்ல, இப்டி" என்று தமிழில் சொல்லி வேறு விதமாக இழுக்கிறாள். எந்த பாஷையில் கஞ்சி கேட்பது என்ற கவலை அப்போது அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் புந்தோங்.

பெரியம்மா மாலியோடு வந்திருந்தார். கோயில் மண்டபத்தில் முதல் வரிசையில், காலை மடக்கி ஒருபக்கமாக வைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலித் தட்டைப் பெரியவர்கள் தொட்டுக் கும்பிட எடுத்து வந்தது வசந்தா. வரிசையாக வந்தாள். சுவரோரம் நின்ற அக்காவிடம் போகாமல், பழக்கத்தில் தட்டு அப்படியே திரும்பியது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பெரியம்மா எழுந்து நின்றார். தட்டைக் காட்டி, அக்காவைக் காட்டி, சத்தமாக ஏதோ கேட்டார். நாதஸ்வரக்காரர் கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"என்னா கேக்குறாங்க?" என்றேன் குணாவிடம்.

குணா மணவறையில் இருந்தபடி தயங்கிச் சொன்னான். "அம்மா ஏன் தொடலன்னு கேக்குறாங்க மாமா. அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல இன்னும் இஷ்டம் இல்லியா... மாலியப் புடிக்கலியான்னு கேக்குறாங்க."

அக்கா பதறிப்போனாள். "ஐயய்யோ! அப்டி இல்ல சம்பந்தி! அது எங்க பழக்கம், அது வந்து..."

வந்து? அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஐயரைப் பார்த்தேன். ஐயர் தட்டைப் பார்த்தார். அத்தனை பேர் கூடியிருந்த மண்டபத்தில் அந்த அம்மாவுக்குச் சொல்ல ஒருவரிடமும் ஒரு காரணம் இல்லை.

வசந்தா யாரையும் கேட்கவில்லை. தட்டோடு நேரே சுவரோரம் நடந்தாள். "தொடுங்கண்ணி. அவங்க தப்பா நெனைக்கப் போறாங்க."

அக்கா தாலியைத் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நாதஸ்வரம் மறுபடியும் தொடங்கியது. ஒரு குறையும் வரவில்லை. குணாவும் மாலியும் நன்றாக இருக்கிறார்கள்.

பந்தி முடிந்து வேன் ஏறப்போன பெரியம்மாவிடம், எனக்குத் தெரிந்த ஒரே தாய்லாந்து வார்த்தையில் நன்றி சொன்னேன். அவர் குணாவிடம் ஏதோ கேட்டார்.

"எதுக்கு நன்றின்னு கேக்குறாங்க மாமா."

சட்டென்று சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்த வாரம் முழுப் பக்கம்!